கண்ணாடி ஏறும் ஈ

வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் நாள்களில் சேர்வராயன் மலைக்கு ஒரு மௌனம் வாய்க்கும். கோடை மழை பெய்து ஓய்ந்திருக்கும். பருவமழை இன்னும் தொலைவில் நிற்கும். விடியலில் மஞ்சு பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏற அது சில்வர் ஓக் மரங்களின் இடுப்பிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து உச்சிக்கும் உயர்ந்து, விடைபெற மனமில்லாத விருந்தினர்போல் சிறிது நின்று, பிறகு இல்லாமற்போகும். மிளகுக்கொடி பூத்திரி விடும் காலம் அது. காபிச் செடிகளில் பச்சைக் காய்கள் கொத்துக்கொத்தாகத் திரண்டிருக்கும். பலாவோ அடிமரத்திலேயே கனிந்து, தன் கனத்தைத் தானே தாளாமல், ஆள் நடமாட்டமற்ற சரிவுகளில் வீழ்ந்து பிளந்து கிடக்கும். அந்த நறுமணம் காற்றில் கலந்து ஊரின்மேல் நாள் முழுதும் நிற்கும். ஈரமும் வெம்மையும் இனிமையும் ஒருங்கே அருளப்பட்ட அப்பருவத்தில், படைத்தவன் எவ்வுயிரையும் மறப்பதில்லை என்பதற்குச் சான்றாக, ஈக்களும் பிறந்தன.

அவ்வாண்டு அவை அளவிறந்து பிறந்தன. நாகலூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ரியாஸின் கடை இருந்தது. கடையின் முன்புறம் விற்பனைக்குப் பலாப்பழங்கள் அடுக்கியிருந்தன. பின்புறத்து எஸ்டேட்டிலோ செடிகளுக்கு இடுவதற்காகக் கோழி எரு லாரி லாரியாக வந்து இறங்கியிருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் அமைந்திருந்தது ரியாஸின் வீடு. வீட்டின் கடைசி அறை சமையற்கட்டு. அதன் கிழக்குச் சுவரில் மூன்று முழ உயரமும் இரண்டரை முழ அகலமும் கொண்ட ஒற்றைக் கண்ணாடி ஒளிர்ந்தது. இடிக்கப்பட்ட பழைய பங்களா ஒன்றிலிருந்து அதை ரியாஸ் வாங்கிவந்து பதித்திருந்தான். திறக்க முடியாத சன்னல். ஆயினும் காலைக் கதிரும் காபித் தோட்டமும் அதன் வழியே அடுப்படிவரை வந்து நிற்கும். அவன் மனைவி ருக்சானாவுக்கு அக்கண்ணாடியைக் காட்டிலும் உகந்த பொருள் அவ்வீட்டில் இல்லை.

அந்தச் சமையற்கட்டுக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் சிவரஞ்சனி வந்தாள். மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளி ஒன்றின் விடுதிக் கண்காணிப்பாளர் அவள். விடுதியில் எண்பது பிள்ளைகள். பள்ளி திறந்ததும் அவர்களுக்கு மாலைச் சிற்றுண்டி செய்து தர ஒரு நல்ல கை தேடிக்கொண்டிருந்தாள். ருக்சானா வைத்த இனிப்புப் பணியாரத்தையும் மிளகு தூவிய சுண்டலையும் நின்றபடியே உண்டு, இன்னொரு பணியாரத்தைக் கேட்டு வாங்கினாள்.

“ருசியப் பத்தி ஒரு சொல்லு சொல்றதுக்கில்லீங்க. பேரு என்னன்னு எழுதிக்கட்டும்? ரியாஸ் ஊட்டுக்காரம்மான்னு போட்டுக்கட்டுங்களா?”

“ருக்சானான்னே எழுதிக்குங்க.”

கடைக்குப் பின்னால் பதினான்கு ஆண்டுகளாக அவள் சமைத்தவை எல்லாம் ‘பாய் கடைப் பலகாரம்’ என்றே விற்றிருந்தன. தன் பெயர் ஒரு நோட்டில் ஏறுவதை அவள் இமைக்காமல் பார்த்தாள்.

எழுதி முடித்த சிவரஞ்சனி தலை நிமிர்ந்தாள். அவள் பார்வை கண்ணாடியில் சென்று நின்றது.

“இதென்னங்க, சன்னலுக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்கறீங்களா?”

பொட்டுகளில் ஒன்று பறந்தது. சிவரஞ்சனி விரல் நீட்டி எண்ணினாள். பத்தொன்பது.

“கோவிச்சுக்காதீங்க. எம்பது புள்ளைங்க வயித்துக்கு நான்தான் பதில் சொல்லோணும். அடுத்த வியாழக்கெழம மறுக்கா வாறேன். அன்னிக்கு அந்தக் கண்ணாடியில ஒரு ஈ உக்காந்திருக்கக் கூடாது. மருந்தடிச்ச வாடையும் வரக் கூடாது. சரியா இருந்தா வேல உங்களுக்குத்தான்.”

அவள் சென்ற பின் ருக்சானா நெடுநேரம் கண்ணாடி முன் நின்றாள். கதவுக்கு ஏற்கெனவே கொசுவலை அடித்தாயிற்று. ஆயினும் கடைக்கும் சமையற்கட்டுக்கும் நாளொன்றுக்கு நூறு முறை நடக்க வேண்டும், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஈக்கள் உடன் நுழையும், நுழைந்தவை நேரே கண்ணாடிக்குச் செல்லும், சென்றவை திரும்புவதில்லை.

“இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கற? நான் பாத்துக்கறேன்” என்றான் ரியாஸ்.

மறுநாள் ஏற்காடு டவுனுக்குப் போய் மின்சார மட்டை ஒன்று வாங்கி வந்தான். பூப்பந்து ஆடுபவனைப்போல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் இறங்கினான். பட்பட்டென்று பொறி பறந்தது. ஏழு ஈக்கள் மாண்டன. அவற்றில் நான்கின் இறகும் காலும் கீழே பிசைந்து வைத்திருந்த மாவில் தூவினாற்போல் விழுந்தன.

ருக்சானா மாவுப் பாத்திரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“ஏனுங்க, இதுல ராத்திரிக்குச் சப்பாத்தி போட்டுத் தாறேன். நீங்களே சாப்புட்டுக்குங்க.”

பிறகு பசை தடவிய அட்டை வந்தது. அதைக் கண்ணாடியில் ஒட்டிய ரியாஸ், மேலே எதையோ எட்டி எடுக்கையில் முழங்கையை அதிலேயே ஊன்றிவிட்டான். உரித்தெடுக்கும்போது அவன் இட்ட கூச்சல் பஸ் நிறுத்தம்வரை கேட்டது. அந்நேரம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள் பூவாயி.

“எத்தன புடிச்சுது கண்ணு?”

ருக்சானா சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“மூணு ஈயி, ஒரு பாயி” என்று பூவாயியே கணக்குச் சொன்னாள்.

“சிரிங்கக்கா, சிரிங்க. எந்தோலு எனக்குத்தான தெரியும்” என்று ரியாஸ் கையைத் தடவிக்கொண்டே கடைக்குப் போனான்.

பூவாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் பாட்டன் காலத்தில் சமவெளியிலிருந்து மலையேறிய குடும்பம். இவள் எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் பிறந்து, எஸ்டேட்டிலேயே வேலை செய்பவள். வேலை முடிந்ததும் ருக்சானாவின் அடுப்படியில் ஒரு டம்ளர் காபி குடிக்காமல் அவள் வீடு திரும்பியதில்லை. காபிக் காயைத் துளைக்கும் சிறு வண்டைப் பிடிக்க எஸ்டேட்டில் செடிக்குச் செடி பொறி மாட்டுவார்கள். புட்டிக்குள் ஒரு வாசனைத் தைலம் வைத்தால் வண்டு தானே தேடிவந்து விழும். அந்த வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவருபவள் பூவாயி. பூச்சி பிடிக்கும் விஷயத்தில் தன்னை மிஞ்சிய ஆள் நாகலூரில் இல்லை என்பது அவள் எண்ணம்; எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்.

“அட்டையில எங்காச்சும் பூச்சி வந்து உக்காருமா? வாடை வெக்கோணும் கண்ணு. வாடையில்லாம எந்த உசுரும் கிட்ட வராது. நாளைக்கு நாங்கொண்டாறேன் பாரு.”

சொன்னபடியே விடியலில் கொண்டுவந்தாள். தண்ணீர்ப் புட்டியில் பக்கவாட்டில் சிறு சிறு வாசல்கள் வெட்டியிருந்தாள். உள்ளே கனிந்த பலாச்சுளையைப் பிசைந்து, வெல்லம் கரைத்து ஊற்றி, ஒரு இரவு புளிக்க வைத்திருந்தாள். அதைக் கண்ணாடியின் நடுவே கயிற்றில் தொங்கவிட்டு, எஸ்டேட் மணி அடிக்குமுன் ஓடினாள்.

பகல் பத்து மணிக்குள் புட்டியில் முப்பது ஈக்கள் விழுந்தன. ருக்சானா மகிழ்ந்தாள். பதினொரு மணிக்குக் கதவு வலை கறுத்தது. எருக்குவியலை மறந்து, பலாப்பழக் கடையையும் கடந்து, அந்தப் புளித்த நறவின் மணத்தைத் தொடர்ந்து ஈக்கூட்டம் அணி அணியாக வந்து வலையில் அமர்ந்திருந்தது. ரியாஸ் கதவைத் திறந்த ஒரு கணத்தில் அதில் பாதி உள்ளே புகுந்தது.

மாலையில் பூவாயி வந்தபோது கண்ணாடியில் தோட்டமே தெரியவில்லை.

“அக்கா, நாகலூர் ஈ பத்தாதுன்னு அடிவாரத்துல இருந்தும் பஸ் ஏறி வந்திருக்குதுங்க” என்றான் ரியாஸ். “இன்னும் ரண்டு சுளை எச்சா வெச்சிருந்தீங்கன்னா சேலமே காலியாயிருக்கும்.”

பூவாயி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. பிறகு புட்டியை அவிழ்த்துக் கொல்லைக் கோடியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள்.

“நாந்தான் கண்ணு தலகீழாப் பண்ணிப்புட்டேன். தோட்டத்துல வண்டு எங்கிருந்தாலும் புட்டிக்கு வரோணும். அதுக்கு வாடை. ஊட்டுக்குள்ள எவனாச்சும் ஈயக் கூப்புடுவானா? வந்தது போகத்தான வேணும்? இத்தன வருச வேல, கைக்குத்தான் ஏறியிருக்குது, மண்டைக்கு ஏறுல.”

“உடுங்கக்கா. இன்னும் ஆறு நாளு இருக்குது.”

“அந்த வேல கெடைக்காமப் போச்சுன்னா அது என் பாவந்தான்.”

“அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. காபி ஆறுது, குடிங்க.”

வெள்ளிக்கிழமை நண்பகல். ரியாஸ் கடையைச் சாத்திவிட்டு ஜும்ஆ தொழுகைக்குச் சென்றிருந்தான். பணியார மாவு பொங்குவதற்காக ருக்சானா கண்ணாடி அருகே ஒரு முக்காலியில் அமர்ந்து காத்திருந்தாள். செய்வதற்கு வேறு வேலையில்லாததால் ஈக்களைப் பார்த்தாள். பகையாகப் பார்க்காமல் வெறுமனே பார்த்தது அதுவே முதல் முறை.

ஓர் ஈ கண்ணாடியின் அடியில் அமர்ந்தது. மேல்நோக்கி நடந்தது. உச்சிச் சட்டத்தை முட்டியது. சிறகடித்துக் கீழே விழுந்தது. மீண்டும் நடந்தது. இன்னொன்று பக்கவாட்டில் சென்றது; சட்டத்தைத் தொட்டதும் அதுவும் மேலே ஏறியது. கீழ்நோக்கி நடக்கும் ஈ ஒன்றையாவது காண வேண்டும் என்று தேடினாள். விழுந்தவை உண்டு, இறங்கி நடந்தவை இல்லை. மலையுச்சிக் கோயிலுக்கு விரதம் பூண்டு ஏறும் அடியார் கூட்டம்போல், மேலே, மேலே என்பதன்றி அவற்றுக்கு வேறு திசை இருக்கவில்லை.

அவள் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, ஓர் ஈயை மூடிச் சன்னலோடு பொருத்தினாள். பிறகு டம்ளரின் அடிப்பக்கம் மேலே வருமாறு மெல்லச் சாய்த்தாள். வாய் அகலத் திறந்து கிடந்தது. வெளியேறக் கீழே வழி இருந்தது. ஆனால் ஈயோ வெளிச்சமுள்ள மூடிய உச்சியையே பற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாவு பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

பூவாயி வேலை முடிந்து வந்ததும் ருக்சானா அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, இதுங்க தீனி தேடி வரலீங்க. தீனி தேடி ஊட்டுக்குள்ள வருது, செரி. ஆனாக் கண்ணாடிக்கு வந்ததுக்கப்பறம் அதுங்களுக்கு வெளிச்சந்தான் வேணும். மேல ஏறோணும். அவ்வளவுதான். நாம மேல ஒரு ஊடு கட்டி வெச்சா, அதுவா நடந்து போயிரும்.”

“வாடை?”

“ஒண்ணும் வேண்டாங்க.”

“சும்மாவா வரும்?” பதினெட்டு ஆண்டுப் பழக்கம் அவளை எளிதில் விடவில்லை. ருக்சானா டம்ளரைக் காட்டியபின் அவளே அதை வாங்கி, நான்கு ஈக்களிடம் சோதித்துப் பார்த்தாள். “அட இதென்ன கெரகம்! தொறந்த வாசல உட்டுட்டு முட்டுச்சந்துல போயி நிக்குதே!”

சனிக்கிழமை முதல் பெட்டியைச் செய்தார்கள். பிஸ்கட் அட்டையை வெட்டி, கண்ணாடியின் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நான்கு விரல் ஆழத்துக்கு ஒரு நீண்ட கூடு. அதன் அடியில் கண்ணாடியை ஒட்டி நெடுக ஒரு சந்து. ஏறிவரும் ஈ அந்தச் சந்தின் வழியே கூட்டுக்குள் நுழைய வேண்டும். மூவரும் தரையில் அமர்ந்து அண்ணாந்து காத்திருந்தனர். ஈக்கள் ஏறின, அட்டையின் விளிம்புவரை வந்தன, நின்றன, முன்கால்களைத் தேய்த்தன, பறந்துவிட்டன.

“கும்புட்டுட்டுப் போகுது” என்றான் ரியாஸ்.

“கம்முனு இருங்க பாய்.” பூவாயி எழுந்து முகத்தைச் சந்தின் அருகே வைத்துப் பார்த்தாள். “உள்ள கும்மிருட்டா இருக்குது. இருட்டு ஊட்டுக்குள்ள நீ போவியா கண்ணு? நாம் போகமாட்டேன்.”

ஆகவே கூடு வெளிச்சமாக வேண்டும். ரியாஸ் கடையில் கேக் வைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் டப்பாக்களை வெட்டித் தகடாக்கிக் கொடுத்தான். ஞாயிறு முழுதும் டேப் ஒட்டினார்கள். இம்முறை ஈக்கள் தயங்காமல் நுழைந்தன. ஆனால் சந்து அகலமாக இருந்ததால், உள்ளே முட்டி விழுந்தவை வந்த வழியிலேயே வெளியே விழுந்தன. சந்தைக் குறுக்கினால் பெரிய ஈக்கள் நுழைய மறுத்தன. ருக்சானா தகடுகளைச் சாய்வாக வைத்தாள். கீழே அகன்று, மேலே போகப்போகக் கண்ணாடியை நெருங்கும் சாய்வு. அப்போது விழுவது சரிவின் மேற்புறம் விழுந்து உள்ளேயே தங்கும். எஞ்சியது அளவு ஒன்றுதான். தீக்குச்சி வைத்துப் பார்த்தாள், போதவில்லை. பென்சில் வைத்துப் பார்த்தாள், மிகுந்துவிட்டது.

பூவாயி இடுப்புச் சுருக்கில் கை விட்டாள். அதில் வெற்றிலைப் பாக்கோடு சில காபிக் கொட்டைகளும் கிடந்தன. ஒரு கொட்டையைத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குறுக்காகச் செருகினாள்.

“இத வெச்சுப் பாரு சாமி.”

சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கொட்டைகள் வைத்து ஒட்டினார்கள். வலது மேல்மூலையில் ஒரு தண்ணீர்ப் புட்டியின் வாயைக் கூட்டுக்குள் பொருத்தி, புட்டியை வெளிச்சம் பார்த்து மேல்நோக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். ஏறியவை எல்லாம் ஏற்றத்தின் ஆசையால் இறுதியில் அங்கே சேர்ந்தன. நிறைந்ததும் புட்டியைக் கழற்றி மூடி, பூவாயி தன் கோழிகளிடம் கொண்டுபோவாள்.

“நேத்திருந்து எங்கோழிங்க எனக்கு முன்னால எந்திரிச்சு உங்க ஊட்டப் பாத்து நிக்குதுங்க” என்றாள் செவ்வாயன்று.

புதன்கிழமை மாலை கண்ணாடி தோட்டத்தை மீண்டும் முழுதாகக் காட்டியது. ருக்சானா அதை இருமுறை துடைத்தாள். இரவு உண்ணும்போது ரியாஸ் ஏதோ வேடிக்கை சொன்னான். அவள் சிரிக்க மறந்திருந்தாள்.

வியாழன் நான்கு மணிக்குச் சிவரஞ்சனி வந்தாள். அன்றைக்கென்று பார்த்து ரியாஸ் ஒரு டூரிஸ்ட் குடும்பத்துக்காகப் பலாப்பழம் ஒன்றைக் கடைமுன் பிளந்திருந்தான். அவள் வலைக்கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் தோள்மேல் அமர்ந்து ஓர் ஈயும் வந்தது. கொழுத்த ஈ, பச்சை மின்னியது.

அடுப்பருகே நின்ற பூவாயி அதை முதலில் கண்டாள். ருக்சானாவின் கையைக் கிள்ளினாள். சிவரஞ்சனியும் அவர்கள் பார்வையைத் தொடர்ந்து தன் தோளைப் பார்த்தாள். ஈ எழும்பியது. சுண்டல் தட்டின் மேல் ஒரு வட்டம் போட்டது. ருக்சானா மூச்சை நிறுத்தினாள். வட்டம் விரிந்தது, ஈ நேரே சென்று கண்ணாடியின் அடியில் அமர்ந்தது.

“இருக்குதேங்க ஒண்ணு” என்றாள் சிவரஞ்சனி.

“அது உங்ககூட வந்ததுங்க” என்றாள் பூவாயி. “சித்த நேரம் பொறுங்க. அதுக்கு வழி தெரியும்.”

ஈ நடந்தது. ஒரு சாண் ஏறி நின்றது. இறகைக் கோதியது. இடப்புறம் திரும்பியது. கடைப் பக்கமிருந்து வந்த ரியாஸ் கதவு நிலையிலேயே நின்றுவிட்டான். அவன் உதடுகள் அசைந்தன. ஓதினானா, ஈயைத் திட்டினானா என்பது விளங்கவில்லை. ஈ மீண்டும் நடந்தது. பாதிக் கண்ணாடி. முக்கால் கண்ணாடி. தகட்டின் சாய்வுக்குள் தலை நுழைத்தது, நின்றது, பின்வாங்கியது.

“போ சாமி, உள்ள போ. போயிரு, எங்கண்ணில்ல” என்று பூவாயி தாலாட்டும் குரலில் சொன்னாள்.

ஈ இரு காபிக் கொட்டைகளுக்கு நடுவே நுழைந்து, அப்பால் சென்று, கூட்டின் ஒளியில் சிறகடித்தது.

முதலில் சிரித்தவள் சிவரஞ்சனி. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, சந்தையும் சாய்வையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “மருந்தில்ல, தீனியில்ல, சத்தமில்ல. யாருங்க சொல்லிக் குடுத்தது?”

“ஈதானுங்க” என்றாள் ருக்சானா.

“எங்க விடுதிச் சமையக்கட்டுல ரண்டு சன்னல் இருக்குது. அதுக்கும் இதே மாதிரி ரண்டு செஞ்சு குடுங்க. திங்கக்கெழமையில இருந்து எம்பது புள்ளைங்களுக்கு. மொத நாளு அந்தப் பணியாரமே இருக்கட்டும்.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “ஒரு ஆளா முடியுமா, ருக்சானா?”

“அக்கா கூட இருக்குறாங்க” என்று அவள் சொன்னபோது, பூவாயி ஒன்றும் அறியாதவளைப்போல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சிவரஞ்சனியை வழியனுப்ப ரியாஸ் பஸ் நிறுத்தம்வரை சென்றான். நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் அவன் கண்ணாடியைப் பற்றி உரக்கச் சொல்வது உள்ளே கேட்டது. அதன்மேல், தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான அழைப்பு மஞ்சைக் கடந்து மென்மையாக வந்தது.

ருக்சானா கை கால் முகம் கழுவி வந்தாள். அறைக்குள் போகத் திரும்பியவள் போகவில்லை. சமையற்கட்டின் மூலையிலேயே தொழுகைப் பாயை விரித்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பூவாயி தீயைத் தணித்தாள். கரண்டி தட்டில் மோதி ஒலிக்காதபடி அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். பேசியபடியே உள்ளே வந்த ரியாஸை உதட்டில் விரல் வைத்து நிறுத்தினாள். அவன் தலையைத் தாழ்த்தி மெல்லப் பின்வாங்கினான். நிற்றலும் குனிதலும் முடிந்து, ருக்சானாவின் நெற்றி நிலத்தைத் தொட்டது. தொட்ட நெற்றி நெடுநேரம் எழவில்லை. தோட்டத்தின் பசுமை அவள் முதுகின்மேல் ஒளியாய் விழுந்து அசைந்தது.

கடைசியில் அவள் கையேந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு திரும்பியபோது, பூவாயி கரண்டியை வைத்தாள். மாவு படிந்த கையைப் புடவையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு அதை ருக்சானாவின் தலைமேல் வைத்தாள்.

“எம்பது புள்ளைங்க உன்ற கையால உண்டு வளரோணும். உன்ற அடுப்புல எந்நாளும் தீ இருக்கோணும், கையில நோவு வரக்கூடாது. நொம்ப நாளைக்கு, நொம்ப நல்லா இருக்கோணும் கண்ணு.”